குடியிலிருந்து திரும்பி வருபவரும் ஊரும்

இந்தப் பாடத்தை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது.

2013 ஆம் ஆண்டு. வன்னியில் மக்கள் மீளக் குடியமர்ந்து அதிக காலம் ஆகாத ஒரு கிராமம். அங்கே மேசன் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். அவர் எழுப்பிய சுவருக்குத் தூக்குநூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் விடியற்புறத்தில் கசிப்புக் குடிக்காவிட்டால் அவரால் கரண்டியைப் பிடிக்க முடியாது, கை நடுங்கும். மனைவி மாதர் சங்கத்தில் வந்து அழுதார். சங்கம் கூடியது. "மூண்டு நாள் அறையிலை போட்டுப் பூட்டினால் எல்லாம் இறங்கிவிடும்" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியாளாகக் கூட்டத்துக்குப் போயிருந்த நானும் தலையாட்டினேன். சனசமூக நிலையத்தின் சாமான் அறையில் பாய் விரித்து, தண்ணீர்ப் பானை வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுத்து, அன்பாகத்தான் பூட்டினார்கள்.

முதல் நாள் வியர்வையும் வாந்தியும். இரண்டாம் நாள் விடியும்போது வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மூன்றாம் நாள் இரவு சுவரில் பாம்பு ஊர்கிறது என்று கத்தினார். செத்துப்போன தமையனோடு பேசினார். "வெறி முறியுது" என்று வாசலில் நின்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். நாலாம் நாள் காலையில் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது. பல ஆண்டு குடித்தும் உயிரோடிருந்த மனிதரை, குடியை நாங்கள் நிறுத்திய விதம் நாலு நாளில் கொன்றுவிட்டது.

இதை எழுதுவது எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அல்ல. அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நமது சங்கங்கள் இந்த வேலையில் இறங்கும்போது எங்கே தவறிப்போகின்றன என்பதைப் பார்க்கவே இதைச் சொன்னேன். குடியை உடலிலிருந்து இறக்குவது வைத்தியருடைய வேலை. அதை நாம் பறித்துச் செய்கிறோம். இறக்கிய பிறகு அந்த மனிதர் ஊருக்குள் திரும்பி வருகிறாரே, அதுதான் நமது வேலை. அதை எவரும் செய்வதில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

மதுசாரம் மூளையை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அது உள்ளே வந்தால், மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. தடைக்கட்டை போட்ட வண்டியை மாடு மூச்சைப் பிடித்து இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று கட்டையை எடுத்துவிட்டால் மாடு நிற்காது. குடி நின்ற ஆறு மணித்தியாலத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, நித்திரையின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாததைக் காண்பதும், கடுங்காய்ச்சலும் ஏற்படும். இந்தக் கடைசி நிலை வைத்தியம் இல்லாமல் விடப்பட்டால் உயிருக்கு ஆபத்தானது. நாங்கள் அந்த அறைக்கு வெளியே நின்று "வெறி முறியுது" என்று பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

குடிப்பவர் எல்லாருக்கும் இப்படி வராது. கிழமைக்கு ஒருநாள் தவறணையில் ஒரு போத்தல் கள்ளுக் குடிப்பவர் நாளைக்கே நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. கவனமாக இருக்கவேண்டியவர் யார் என்றால், காலையில் நடுக்கத்தை அடக்குவதற்காகவே குடிப்பவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர், கண் மஞ்சளித்தவர், வயிறு வீங்கியவர், சோறு தின்பதையே விட்டுவிட்டவர். இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்கக்கூடாது. ஆதார வைத்தியசாலைக்கோ, மனநல வைத்தியர் வரும் கிளினிக்குக்கோ கூட்டிப்போக வேண்டும். அதுவரைக்கும் குடியைச் சடுதியாக நிறுத்தச் சொல்வதும் கூடாது. சங்கக்காரர் ஒருவருடைய வாயிலிருந்து இது வருவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனாலும் வைத்தியரைக் காணும்வரை பொறுப்பதே உயிரைக் காக்கும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்? மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் மருந்தைத் தொடக்கத்தில் கூடுதலாகவும் பின்னர் நாளுக்கு நாள் குறைத்தும் கொடுப்பார்கள். உயிர்ச்சத்து பி1 ஐ ஊசியாக ஏற்றுவார்கள். நெடுங்காலம் குடித்தவரின் உடலில் இந்தச் சத்து வற்றிப்போயிருக்கும். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் மூளை பழுதடையக்கூடும். ஆகவே "ஒரு சேலைன் ஏத்திவிட்டால் தெம்பு வரும்" என்று மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கண் இரட்டையாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது, சொன்னதையே திருப்பிச் சொல்கிறார் என்றால், குடிக்காமல் இருக்கும்போது அப்படி நடந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது. சாவியும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்.

இந்த இடத்தில் பெண்களிடம் ஒரு வார்த்தை. "கறியில் கலந்து கொடுங்கோ, அவருக்குத் தெரியவே தெரியாது, குடியை வெறுத்துவிடுவார்" என்று தூள் விற்பவர்கள் வருகிறார்கள். அந்தத் தூள்களில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இப்படி வேலை செய்யும் உண்மையான மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் டைசல்பிராம். அது மதுவுக்கு எதிராக வேலை செய்வதை 1940 களின் கடைசியில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். அதை விழுங்கியவர் பின்னர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சடுதியாக விழும். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு கிழமை வரையிலும் அந்தத் தாக்கம் உடலில் இருக்கக்கூடும். ஆகவே, குடிப்பவர் தானாக விரும்பி, எல்லாம் தெரிந்து, வைத்தியரின் கையால் பெறவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுப்பது வைத்தியமாகாது. அது நஞ்சூட்டுவதற்குச் சமம்.

பின்னேரம் ஐந்து மணி

வைத்தியசாலையிலிருந்து ஒருவர் ஏழெட்டு நாளில் வீடு திரும்பிவிடுவார். உடல் தேறியிருக்கும், சோறு இறங்கும், முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். "இனிப் பயமில்லை" என்று ஊர் நினைக்கும். உண்மையில் கடினமான காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

காலையில் அவருக்கு வேலை இருக்கிறது, பகலில் களைப்பு இருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு என்ன இருக்கிறது? பத்துப் பதினைந்து வருடமாக அந்த நேரத்தில் அவர் போன இடம் ஒன்றுதான். அவரோடு சிரித்தவர்கள், அவருக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்கள், அவருடைய பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் அந்தப் பனைவடலிக்குள்தான் இருக்கிறார்கள். குடியை விடு என்று நாம் சொல்லும்போது அந்த மனிதர்களையும் சேர்த்து விடு என்றுதான் சொல்கிறோம். அதற்குப் பதிலாக எந்த மனிதரைக் கொடுத்தோம்? வீட்டில் மனைவி அவரோடு இன்னும் பேசத் துணியவில்லை, பிள்ளைகள் விலகி நிற்கிறார்கள். வாசிகசாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறது. திண்ணையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போவார் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சங்கம் செய்யக்கூடிய முதல் வேலை இந்த மூன்று மணித்தியாலத்தை நிரப்புவதே. பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு ஒருவர் அவருடைய படலையில் போய், "அண்ணை, தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போறன், வாறியளோ?" என்று கேட்டால் போதும். இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். சிரமதானம், கரப்பந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம், முன்பள்ளிக் கதவு திருத்துதல், எதுவானாலும் சரி. அவரிடம் ஒரு வேலை கேட்கப்பட வேண்டும், அவருக்கு ஒரு உபதேசம் சொல்லப்படக்கூடாது. முதல் மூன்று மாதமாவது இது நடக்கவேண்டும். முறை வைத்தவர்கள் இரண்டாம் மாதத்தில் களைத்துப்போவார்கள் என்பதையும் எனது அனுபவத்திலிருந்து சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது சம்பள நாள். கையில் காசு வரும் நேரமும் குடிக்கும் நேரமும் அவருடைய உடலில் ஒன்றாகப் பிணைந்திருக்கும். முழுக் கூலியையும் சனிக்கிழமை பின்னேரம் கையில் கொடுக்காமல், திங்கட்கிழமை காலையில் கொடுக்கும்படி அல்லது வங்கியில் போடும்படி வேலை கொடுப்பவரிடம் கேட்கலாம். ஆனால் அவரைக் கேட்காமல் அவருடைய காசை மனைவியின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது அவரை மறுபடியும் சின்னப் பிள்ளையாக்கும், வீட்டில் அடிதடியையும் உண்டாக்கும். அவரே கேட்டுக்கொண்டால் சரி.

மூன்றாவது விடயம் சற்றுக் கசப்பானது. கலியாண வீடு, செத்தவீடு, அந்தியேட்டி, கோயில் திருவிழா முடிந்த இரவு, வருடப்பிறப்பு ஆகிய நாட்களில் "இண்டைக்கு மட்டும் ஒண்டு போடு மச்சான்" என்பவர் அவருடைய எதிரி அல்ல. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரனாகத்தான் பெரும்பாலும் இருப்பார். குடிக்காதவனை ஆண்பிள்ளை இல்லை என்று பகிடி பண்ணுவதும் நமது சபைகளில்தான் நடக்கிறது. குடித்தவன் சபையில் தூஷணம் பேசினால் "பாவம், வெறியிலை பேசிறான்" என்று விட்டுவிடுகிறோம். குடிக்காதவன் அதையே பேசினால் விடுவோமா? மனநல வைத்தியரான தியனாத் சமரசிங்க நம் நாட்டில் குடிப்பவருக்குச் சமூகம் வழங்கும் இத்தகைய அநியாயச் சலுகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். வெறியில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது மதுவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, அவனுடைய சமூகம் எதை அனுமதிக்கிறது என்பதையும் பொறுத்தது என்று மக்ஆன்ட்ரூ, எட்ஜர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969 ஆம் ஆண்டிலேயே பல சமூகங்களை ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார்கள். எத்தனை வெறியிலும் கிராம அலுவலரைக் கண்டால் பணிவாகப் பேசுகிறவன் வீட்டுக்கு வந்துதானே மனைவியை அடிக்கிறான்! ஆகவே செத்தவீட்டில் போத்தல் வைக்கும் வழக்கத்தைப் பற்றிச் சங்கம் பேசவேண்டும். குணமாகி வந்த ஒருவருக்காக ஊர் முழுவதும் குடியை விடாது என்பது எனக்கும் தெரியும். அவர் இருக்கும் பந்தியில் ஊற்றாமல் விடலாம் அல்லவா?

குடித்தவனிடம் குடித்தவன் பேசும்போது

1935 ஆம் ஆண்டு மே மாதம் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர் வியாபார விடயமாக அமெரிக்காவின் அக்ரன் நகருக்குப் போனார். பெருங்குடிகாரராக இருந்து சில மாதங்களுக்கு முன்புதான் குடியை விட்டவர். போன காரியம் கெட்டுவிட்டது. ஹொட்டேல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் சிரிப்பொலி, இன்னொரு பக்கத்தில் தொலைபேசி. மதுச்சாலைக்குப் போகாமல், அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கேட்டது புத்திமதி அல்ல. "குடியில் அகப்பட்ட இன்னொருவரோடு நான் பேசவேண்டும்" என்பதே அவருடைய வேண்டுகோள். அப்படித்தான் பொப் சிமித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அனுப்பப்பட்டார். அந்த வைத்தியரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர். பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பிவிடுவேன் என்று சொல்லி வந்தவர், இரவு வரை பல மணித்தியாலங்கள் இருந்து பேசினார். அடுத்த மாதம் 10 ஆம் திகதி அவர் குடித்ததுதான் அவருடைய கடைசிக் குடி. உலகெங்கும் ஏ.ஏ. என்று அறியப்படும் அமைப்பு அந்தத் திகதியிலிருந்தே தன் வயதைக் கணக்கிடுகிறது.

இதில் நமக்குரிய பாடம் எளிது. பில் வில்சன் பிறரைக் காப்பாற்றப் போகவில்லை, தான் விழாமல் இருக்கவே போனார். உதவி பெறுபவர், உதவி செய்பவர் என்ற ஏணி அங்கே இல்லை. நாம் ஏழு வருடம் படித்துவிட்டுப் போய்ச் சொன்னாலும் ஏறாதது, நேற்றுவரை அதே பாயில் கிடந்த ஒருவர் சொன்னால் ஏறுகிறது. உங்கள் கிராமத்திலோ அயற்கிராமத்திலோ குடியை விட்டு ஒரு வருடமாவது ஆன ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். புதிதாக வந்தவரோடு கிழமைக்கு ஒருமுறை இருந்து பேச ஒரு இடமும் ஒரு கேத்தில் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது ஏ.ஏ. யின் விதி. நமது கிராமங்களில் யார் குடிகாரன் என்பது நாய்க்கும் தெரியும். ஆகவே பெயரை மறைப்பதைவிடப் பேச்சை மறைப்பதே இங்கே முக்கியம். அந்த அறையில் சொன்னது தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிட்டால் கூட்டம் அன்றோடு முடிந்துவிடும்.

ஊரையே வைத்தியசாலையாக்க முடியுமா என்ற கேள்விக்கும் ஒரு முயற்சி விடை தந்திருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980 ஆம் ஆண்டு தொடங்கிய டி.டி.கே. வைத்தியசாலை, பட்டணத்துக்கு வர வசதியில்லாத கிராமத்தவருக்காக 1989 ஆம் ஆண்டு மஞ்சக்குடி என்ற ஊரில் முகாம் ஒன்றை நடத்தியது. அது அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊராரே இடம் கொடுத்தார்கள். வைத்தியரும் தாதியரும் ஆலோசகரும் வந்து ஏறத்தாழ இரண்டு கிழமை தங்கினார்கள். குடும்பத்தவரும் அழைக்கப்பட்டார்கள். முகாம் முடிந்த பிறகும் அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். இங்கே கவனியுங்கள், மருந்து வைத்தியரின் கையில்தான் இருந்தது. ஊர் கொடுத்தது இடமும் சாட்சியும். ஒருவர் குடியை விட்டதை ஊரே பார்த்தது, ஆகவே அவர் திரும்பி வந்தபோது ஊருக்கு அவர் அந்நியராக இருக்கவில்லை. நாங்கள் பூட்டிய சாமான் அறைக்கும் அந்த முகாமுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் அது ஓர் உயிரின் பெறுமதி.

திரும்பி வர வீடு இல்லாதவர்

எல்லாருக்கும் திரும்பி வர ஒரு வீடு இருப்பதில்லை. மனைவி பிரிந்து, தமையனின் வளவுக் கொட்டிலில் சில நாள், கோயில் மடத்தில் சில நாள், பிறகு பட்டணத்துச் சந்தைக் கட்டடத்தின் தாழ்வாரம் என்று போனவர்கள் இருக்கிறார்கள். போரில் குடும்பத்தையே இழந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில், 1841 ஆம் ஆண்டு, அலைந்து திரிவோருக்கு எதிராகக் கட்டளைச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வீடற்றவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் கண் நமக்கு அந்தக் காலத்திலிருந்தே வந்தது.

இவர்களுக்கு உதவுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "முதலில் குடியை விடட்டும், பிறகு இருக்க இடம் கொடுப்போம்" என்பதாகும். தாழ்வாரத்தில் கொசுக்கடியில் படுத்துக்கொண்டு குடியை விடுவது எப்படி என்று அவர்கள் சொல்வதில்லை. 1992 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். நிபந்தனை எதுவுமின்றி முதலில் வீடு, பிறகு விரும்பினால் சிகிச்சை. பின்லாந்து 2008 ஆம் ஆண்டிலிருந்து இதைத் தேசியக் கொள்கையாகவே ஏற்றுச் செயற்பட்டது. அங்கே வீடற்றோர் தொகை குறைந்தது. நமது சங்கத்துக்கு வீடு கட்டிக்கொடுக்கும் பலம் இல்லை. ஆனால் பூட்டுப் போடக்கூடிய ஒரு அறை, ஒரு பெட்டி, கடிதம் வருவதற்கு ஒரு முகவரி, இவற்றைக் கொடுக்கலாம். முகவரிதான் பெரிய விடயம். அடையாள அட்டை தொலைந்த ஒருவர் புதியதைப் பெறக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். எந்தக் கிராமத்திலும் பதிவு இல்லாதவருக்கு அதை யார் கொடுப்பது? அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, நல்ல வேலையும் இல்லை. ஒருவரோடு கிராம அலுவலரிடம் மூன்று தரம் போய்வரும் பொறுமை உள்ள ஒரு அங்கத்தவர், பத்துச் சாப்பாட்டுப் பொதிகளைவிடப் பெறுமதியானவர்.

வீட்டின் மூத்த பெண்பிள்ளை

தகப்பன் குடிக்கும் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை விடுவது யார் என்று பாருங்கள். தாய் கூலிக்குப் போவாள். தம்பி தங்கையைப் பார்க்க, சமைக்க, தகப்பன் வரும் நேரத்தில் கத்தி, கோடாரியை ஒளித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். அது மூத்த மகள். தகப்பனின் சைக்கிள் சத்தத்திலிருந்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை அவள் அறிந்துகொள்வாள். தகப்பன் குணமாகித் திரும்பியதும் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். அவளை எவரும் பார்ப்பதில்லை. அவளுக்கு அவர்மீது இருக்கும் கோபம் நியாயமானது. "அப்பா திருந்திவிட்டார், இனி மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். குடிப்பவர்களின் குடும்பத்தவருக்காக 1951 ஆம் ஆண்டு அல்-அனன் என்ற தனி அமைப்பும், பிள்ளைகளுக்காக 1957 ஆம் ஆண்டு அலட்டீன் என்ற அமைப்பும் தொடங்கப்பட்டதன் காரணம், அவர்களுக்கும் தனியாகப் பேச ஒரு இடம் வேண்டும் என்பதே.

இளம்பெண்கள் கூடி வாசிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு அயலிலேயே ஒரு சான்று உண்டு. ஆந்திர மாநிலத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1990 ஆம் ஆண்டு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. இரவு வகுப்புக்கான பாடநூலில், கணவனின் குடியால் துன்புறும் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடம். அதை எழுத்துக்கூட்டி வாசித்த பெண்கள், "இது எங்கட கதை அல்லவா" என்று பேசத் தொடங்கினார்கள். தூபகுண்டா என்ற ஊர்ப் பெண்கள் திரண்டு ஊரின் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்த நிகழ்ச்சியே அடுத்த பாடநூலில் ஒரு பாடமாயிற்று. அதை வாசித்த மற்ற ஊர்ப் பெண்களும் எழும்பினார்கள். சாராயக் குத்தகை ஏலங்கள் தடைப்பட்டன. 1993 ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995 ஆம் ஆண்டு முழு மதுவிலக்கு வந்தது. 1997 ஆம் ஆண்டு அரசு வருமான இழப்பையும் கள்ளக்கடத்தலையும் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்தியது. கடையை மூடியது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். கடைக்குப் போட்ட பூட்டை எவரும் உடைக்கலாம், அந்தப் பெண்கள் கற்ற எழுத்தை எவராலும் பறிக்க முடியாது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே மாதர் சங்கம் இந்த மகளுக்காகச் செய்யவேண்டியது தையல் இயந்திரம் கொடுப்பது மட்டும் அல்ல. சாதாரண தரப் பரீட்சையை விட்ட இடத்திலிருந்து எழுத வழி செய்யுங்கள். பரீட்சைக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம், பின்னேர வகுப்புக்குப் போகும் நாட்களில் சின்னப் பிள்ளைகளை முறைவைத்துப் பார்க்கலாம். சேமிப்புப் புத்தகம் அவளுடைய பெயரில் இருக்கட்டும். வீட்டில் அடி இருந்தால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதை அவளும் தாயும் அறிந்திருக்க வேண்டும். தகப்பன் குடியை விடும் முயற்சியில் இருக்கிறார் என்பதற்காக அந்த வழியைச் சங்கம் அடைத்துவிடக்கூடாது. இதில் சில சங்கத் தலைவர்களோடு எனக்குப் பெரிய வாக்குவாதம் நடந்ததுண்டு. பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கானது 1929, மனநல உதவிக்கு 1926. இவற்றை முன்பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். சங்கக் கந்தோருக்கு ஆண்கள் வருவார்கள், முன்பள்ளிக்குத் தாய்மார் வருவார்கள்.

விழுந்தால்

ஏழு மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒருநாள் குடித்துவிட்டு வருவார். பலருக்கு இது நடக்கிறது. "சொன்னேனே, நாய்வாலை நிமிர்த்த முடியுமா" என்று முதலில் சொல்பவர், பெரும்பாலும் ஐந்து மணி முறையிலிருந்து முதலில் விலகியவராகவே இருப்பார். அந்த ஏழு மாதம் அழிந்துவிடவில்லை. ஏழு மாதச் சோறு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அவர் ஒரு நாளில் நிறுத்திக்கொண்டால், மறுநாள் பின்னேரம் வழக்கம்போலப் படலையில் போய்க் கூப்பிடுங்கள், முதல்நாள் பேச்சை எடுக்காதீர்கள். பல நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டார் என்றால், மீண்டும் நிறுத்துவதற்கும் வைத்தியரே வேண்டும். முன்பைவிட இம்முறை நடுக்கமும் வலிப்பும் கூடுதலாக வரலாம்.

அந்த மேசனின் மனைவி இன்னும் அதே கிராமத்தில் இருக்கிறார். சில வருடங்களுக்குப் பிறகு அவரைக் கண்டபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர்தான் பேசினார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெடியன் காலமை காலமை கை நடுங்க நிற்கிறான், எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாளிலை கொண்டுபோக வேணும் என்று கேட்டார். கிளினிக் நாளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கூட்டத்தில் பேசுவதற்கு

உங்கள் பகுதியில் மனநலக் கிளினிக் எந்த வைத்தியசாலையில், எந்த நாளில் நடக்கிறது? போய்வரப் பஸ் காசு எவ்வளவு, அதைக் கொடுக்கச் சங்கத்தில் வழி உண்டா? குடியை விட்டு ஒரு வருடம் கடந்தவர் எவரையாவது உங்களுக்குத் தெரியுமா, அவரைக் கடைசியாகச் சங்கம் எதற்காவது அழைத்தது எப்போது? தகப்பனின் குடியால் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளைகள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர்? பின்னேரம் ஐந்து மணிக்கு, குடிக்காத ஒரு ஆண்பிள்ளை போய் இருக்கக்கூடிய இடம் உங்கள் ஊரில் எது?